90 ஆண்டுகளுக்குப் பிறகு வீடு யாருக்கு?

தலைநகரையொட்டிய நொய்டாவில் அடுக்குமாடி வீடு வாங்குவோர், வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொட்டி முழு விலை கொடுக்கிறார்கள். முத்திரைத் தீர்வையும் கட்டுகிறார்கள். ஆனால், பதிவு அலுவலகத்தில் அவர்கள் கைக்குக் கிடைப்பது கிரயப் பத்திரம் அல்ல, உள்குத்தகைப் பத்திரம். நிலத்தின் உரிமையாளர் நொய்டா ஆணையம். குத்தகைக் காலம் 90 ஆண்டுகள். அதுவும் வாங்கியவர் குடிபுகுந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. அந்த நிலத்தைக் கட்டுமான நிறுவனம் குத்தகைக்குப் பெற்ற நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

அந்த 90 ஆண்டுகள் முடிந்த மறுநாள் வீடு யாருக்குச் சொந்தம்? குத்தகையை நீட்டிக்கும்படி கேட்க, குடியிருப்பவருக்கு உரிமை உண்டா? உண்டு எனில் எவ்வளவு கட்டணம்? அதை நிர்ணயிப்பவர் யார்? நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டத்திலும் இக்கேள்விகளுக்கு நேரடியான விடை இல்லை.

தமிழக வாசகர்களுக்கு இது சற்று விந்தையாகத் தோன்றலாம். சென்னையிலோ மதுரையிலோ வீட்டை "லீசுக்கு" எடுப்பது என்றால், ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, சில ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் போகியமே பெரும்பாலும் நினைவுக்கு வரும். அடுக்குமாடி வீட்டை விலைக்கு வாங்கினால் மனையின் பிரிபடாத பாகமும் வாங்கியவர் பெயரில் கிரயமாகிவிடும். கட்டடம் பழுதாகி இடிக்கப்பட்டாலும் நிலத்தில் அவருக்குப் பங்கு உண்டு. தில்லி, நொய்டா, சண்டீகர், மும்பை போன்ற நகரங்களிலோ, சொந்த வீடு என்று கருதப்படும் லட்சக்கணக்கான வீடுகள் அரசு அல்லது அரசு சார்ந்த அமைப்புகளின் குத்தகை நிலத்தில் எழுந்தவை. தில்லியில் பணிபுரிந்து ஓய்வுபெற்று, மயூர் விஹாரைத் தாண்டி நொய்டாவில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

நல்ல நோக்கத்தில் பிறந்த முறை

1911-ல் தலைநகர் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, புதிய நகருக்கான நிலம் 1894-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் கையகப்படுத்தப்பட்டது. நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடும் முறையை அன்றைய அரசு கைக்கொண்டது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அது தொடர்ந்தது. பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தவர்களின் குடியேற்றங்கள் பலவும் குத்தகை அடிப்படையிலேயே அமைந்தன. மத்திய அரசின் நிலம் மற்றும் மேம்பாட்டு அலுவலகம் தில்லியில் நிர்வகிக்கும் குத்தகைகள் மட்டும் சுமார் 60 ஆயிரம்.

1957-ல் தில்லி வளர்ச்சி ஆணையம் உருவானது. 1961-ல் பெருமளவில் நிலத்தைக் கையகப்படுத்தி, மேம்படுத்தி, குத்தகைக்கு ஒதுக்கும் கொள்கை வகுக்கப்பட்டது. இதன் நோக்கத்தைக் குறைகூற முடியாது. விவசாயியிடம் குறைந்த விலைக்கு வாங்கிய நிலத்தை ஊக வணிகர்கள் பதுக்கிவிடக் கூடாது. சாலை, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றுக்குப் பொதுப் பணம் செலவிடப்பட்டதால் உயரும் நிலமதிப்பில் பொதுமக்களுக்கும் பங்கு வேண்டும் என்பதே அது. அதனால்தான், குத்தகை வீட்டை அல்லது மனையை ஒருவர் மற்றவருக்கு மாற்றும்போது, உழைக்காமல் கிடைத்த மதிப்புயர்வில் 50 சதவீதத்தை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

நடந்தது என்ன? பாதி லாபத்தை அரசுக்குக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. விற்பனையைப் பதிவு செய்யாமல், பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் என மூன்று ஆவணங்களைச் சேர்த்து வீட்டைக் கைமாற்றும் வழக்கம் தில்லி முழுவதும் பரவியது. "பவர் பத்திரம்" கைமாறிக் கைமாறி, உண்மையான குத்தகைதாரர் யார், குடியிருப்பவர் யார் என்பதே அரசுக்குத் தெரியாத நிலை ஏற்பட்டது. அரசுக்கு வருவாயும் இல்லை. மக்களுக்கு உரிமைப் பாதுகாப்பும் இல்லை.

இறுதியில் அரசே இறங்கிவந்தது. ஒருமுறைக் கட்டணம் செலுத்திக் குத்தகையை முழு உரிமையாக மாற்றிக்கொள்ளும் திட்டம் 1992-ல் தில்லியில் அறிமுகப்படுத்தப்பட்டது. பின்னர் அது விரிவுபடுத்தப்பட்டது. பவர் பத்திரத்தின் மூலம் வாங்கியவர்களும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கட்டணத்துடன் உரிமை மாற்றம் பெறலாம் என்று சலுகை தரப்பட்டது. பவர் பத்திரத்தின் மூலம் நடைபெறும் விற்பனை சட்டப்படியான உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் திட்டவட்டமாகத் தீர்ப்பளித்தது. சண்டீகரிலும் குடியிருப்பு மனைகளைக் குத்தகையிலிருந்து முழு உரிமைக்கு மாற்றும் விதிகள் 1996-ல் கொண்டுவரப்பட்டன.

தில்லியின் அனுபவம் உணர்த்தும் பாடம் ஒன்றுதான். விதிகள் நியாயமாகவும் கட்டணம் முன்கூட்டியே தெரியும்படியும் இருந்தால் மக்கள் முன்வந்து செலுத்துவார்கள். இல்லையேல் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

நொய்டாவில் திறக்காத கதவு

இந்தப் பாடம் யமுனையின் மறுகரைக்குப் போய்ச் சேரவில்லை. உத்தரப் பிரதேச தொழிற்பகுதி மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1976-ல் நொய்டா உருவாக்கப்பட்டது. பெயரளவில் தொழில் நகரம்; நடைமுறையில் தலைநகரின் குடியிருப்பு நகரம். தில்லியில் 1992-ல் வீட்டு உரிமையாளர்களுக்குத் திறந்த கதவு இங்கே திறக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. ஆண்டுக் குத்தகை வாடகை, வீடு கைமாறும்போதெல்லாம் வசூலிக்கப்படும் மாற்றக் கட்டணம் என இம்முறை ஆணையத்துக்குத் தொடர்ந்து வருவாய் தருகிறது. அந்த வருவாயை விட்டுக்கொடுக்க எந்த ஆணையமும் தானாக முன்வராது.

இதில் வீடு வாங்கியவர் இருமுனை இழப்புக்கு உள்ளாகிறார். 2010-ல் ஒரு நிறுவனம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தால் அக்குத்தகை 2100-ல் முடியும். கட்டுமானம் இழுபறியாகி, 2024-ல்தான் வீடு பதிவு செய்யப்பட்டது என்றால் வாங்கியவருக்கு மிஞ்சுவது 76 ஆண்டுகளே. 14 ஆண்டுகளை விழுங்கியது நிறுவனத்தின் தாமதம். அதற்குரிய விலையைக் கொடுத்தவரோ வாங்கியவர். ஒருபுறம் வாடகை வீட்டுக்கு வாடகை, மறுபுறம் கட்டி முடியாத வீட்டுக்கு மாதத் தவணை எனச் செலுத்திக் களைத்தவருக்கு இது மூன்றாவது சுமை.

இது கற்பனைக் கணக்கல்ல. நிலத்தின் விலையில் 10 சதவீதத்தை மட்டும் முன்பணமாகப் பெற்றுக்கொண்டு கட்டுமான நிறுவனங்களுக்கு நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் நிலம் ஒதுக்கப்பட்டது. மீதித் தொகையைப் பல நிறுவனங்கள் செலுத்தவில்லை. நிலுவை இருப்பதால் ஆணையங்கள் பத்திரப் பதிவுக்கு அனுமதி மறுத்தன. முழுப் பணமும் கொடுத்துக் குடிபுகுந்தவர்கள்கூடப் பத்திரமின்றி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். சுமார் 42 ஆயிரம் பேர் பாதிக்கப்பட்ட அம்ரபாலி வழக்கில் 2019 ஜூலை 23-ல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. அந்நிறுவனத்தின் குத்தகைகளை ரத்து செய்த நீதிமன்றம், குத்தகை உரிமையை நீதிமன்றப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. எஞ்சிய கட்டுமானத்தை மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் அளித்தது. நிறுவனம் வைத்த நிலுவைக்காக வீடு வாங்கியவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

முடங்கிய வீட்டுத் திட்டங்களை ஆராய மத்திய அரசு அமைத்த அமிதாப் காந்த் குழு 2023-ல் அறிக்கை அளித்தது. நாடு முழுவதும் 4.12 லட்சம் வீடுகள் முடங்கியுள்ளன, அவற்றில் சுமார் 2.40 லட்சம் தலைநகர் வட்டாரத்தில் உள்ளன என்ற மதிப்பீடு அதில் இடம்பெற்றது. குடியேறியவர்களின் வீடுகளை, நிறுவனத்தின் நிலுவையைக் காரணம் காட்டாமல் பதிவு செய்து தர வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரைகளின் அடிப்படையில் உத்தரப் பிரதேச அமைச்சரவை 2023 டிசம்பரில் ஒரு சலுகைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால், பத்திரம் கிடைக்குமா என்ற கவலைக்கு மருந்து தேடியவர்கள், பத்திரத்தில் உள்ள காலக்கெடுவைப் பற்றிப் பேசவில்லை.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

வீடு வாங்குவோரைக் காக்க 2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், குத்தகை நிலத்தில் வீடுகள் கட்டப்படுவதை அறியாத சட்டமல்ல. கட்டுமான நிறுவனம் குத்தகைச் சான்றிதழைப் பெற்று, குத்தகைக் காலம் எவ்வளவு, நிலுவைகள் செலுத்தப்பட்டுள்ளனவா என்பவற்றைக் குறிப்பிட்டு வீடு வாங்கியோர் சங்கத்திடம் அளிக்க வேண்டும் என்று அதன் 11-வது பிரிவு கூறுகிறது. காலம் எப்போது முடியும் என்பதைத் தெரிவிக்கச் சொன்ன சட்டம், முடிந்த பின் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டது.

அதற்கு 1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிட்டால், குத்தகை முடிந்ததும் சொத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் குத்தகைதாரர் கடமைப்பட்டவர் என்கிறது அதன் 108-வது பிரிவு. தாம் நிலத்தில் எழுப்பியவற்றைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம் என்ற சலுகையையும் அதே பிரிவு அளிக்கிறது. ஓலைக் கொட்டகைக்கும் ஓட்டு வீட்டுக்கும் பொருந்தக்கூடிய சலுகை இது. பதினான்காவது மாடியில் குடியிருப்பவர் எதைப் பெயர்த்து எங்கே கொண்டுபோவார்?

அரசு நிலக் குத்தகைகளின் நிலை இன்னும் கடுமையாக இருந்தது. அரசு வழங்கும் நிலத்துக்குச் சொத்து மாற்றச் சட்டம் பொருந்தாது, வழங்கிய ஆணையின் நிபந்தனைகளே செல்லும் என்று 1895-ம் ஆண்டு அரசு மானியச் சட்டம் கூறியது. நூற்றுக்கும் மேற்பட்ட பழைய சட்டங்களோடு சேர்த்து அதையும் 2017-ம் ஆண்டின் ரத்து மற்றும் திருத்தச் சட்டத்தால் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அதனிடத்தில், அரசு நிலத்தில் குடியிருப்போரின் உரிமைகளை வரையறுக்கும் புதிய சட்டம் எதுவும் வரவில்லை.

2066-ல் அல்லவா நொய்டாவின் முதல் குத்தகைகள் முடியத் தொடங்கும், அதற்குள் என்ன அவசரம் என்று கேட்கலாம். அவசரம் உண்டு. குத்தகைக் காலம் குறையக் குறைய வீட்டின் மதிப்பு குறையும். கடன் தரும் வங்கி தயங்கும். அதற்கும் முன்பாகக் கட்டடம் முதுமையடையும். ஐம்பது ஆண்டுப் பழமையான குடியிருப்பை இடித்துக் கட்ட வேண்டிய நிலை வரும்போது, நிலத்தில் எஞ்சியிருக்கும் உரிமை நாற்பது ஆண்டுகளே என்றால் பணம் போட யார் முன்வருவர்? சிக்கல் 90-வது ஆண்டில் வருவதல்ல, பாதி வழியிலேயே வந்துவிடும்.

பிரயாக்ராஜ் காட்டிய எச்சரிக்கை

குத்தகை நீட்டிப்பு அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டால் என்ன நேரும் என்பதை 2024-ல் உத்தரப் பிரதேசமே காட்டியது. 1857 எழுச்சியை ஒடுக்கிய பின் ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்த நிலங்கள் முதலானவை அங்கு "நசூல்" நிலங்கள் எனப்படுகின்றன. பிரயாக்ராஜ், கான்பூர், லக்னோ போன்ற நகரங்களில் தலைமுறை தலைமுறையாக மக்கள் அவற்றில் குத்தகைக்குக் குடியிருக்கின்றனர். இந்நிலங்களை இனித் தனியாருக்கு முழு உரிமையாக மாற்றித் தருவதில்லை, நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள் ரத்தாகும், செலுத்திய பணம் வட்டியுடன் திருப்பித் தரப்படும் என்று கூறும் அவசரச் சட்டம் 2024 மார்ச்சில் பிறப்பிக்கப்பட்டது. அதற்கான மசோதா ஜூலை 31-ல் சட்டப்பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

மறுநாள் மேலவையில் நடந்தது அரசியல் நோக்கர்கள் எதிர்பாராதது. துணை முதல்வர் கேசவ் பிரசாத் மௌரியா முன்வைத்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று கோரியவர், ஆளும் பாரதிய ஜனதாவின் மாநிலத் தலைவராக அப்போது இருந்த பூபேந்திர சௌத்ரி. மசோதா தேர்வுக் குழுவுக்குச் சென்றது. பேரவையிலேயே ஆளும் கட்சி உறுப்பினர்கள் சிலர் எதிர்த்திருந்தனர். கூட்டணிக் கட்சியைச் சேர்ந்த மத்திய அமைச்சர் அனுப்பிரியா படேலும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். வீட்டை இழக்கும் அச்சம் வாக்காளரிடம் பரவினால், பெரும்பான்மை பலமுள்ள அரசும் பின்வாங்க நேரிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மும்பையில் காட்சி வேறு. மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகை 2013 மே மாதத்துடன் முடிந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் புதுப்பிக்கப்படாத நிலையிலும் பந்தயங்கள் தடைபடவில்லை. 2024-ல் 211 ஏக்கரில் 120 ஏக்கரை மாநகராட்சி பொதுப் பூங்காவுக்காகப் பெற்றுக்கொண்டது. எஞ்சியதை 30 ஆண்டுகளுக்குப் பந்தயக் கழகத்துக்கு விட உடன்பாடு ஏற்பட்டது. செல்வாக்குள்ளவர்களின் குத்தகை காலாவதியானாலும் பேச்சுவார்த்தை உண்டு. நடுத்தரக் குடும்பத்துக்குப் பேசவேனும் ஓர் இருக்கை கிடைக்குமா என்பதே கேள்வி.

அரசின் வாதமும் வரம்பும்

அரசுத் தரப்பிலும் நியாயம் உண்டு. பொது நிலத்தை அற்ப வாடகைக்கு என்றென்றைக்கும் தனியாரிடம் விட்டுவைக்க முடியாது. நகர மையத்தில் ஏக்கர் கணக்கில் பரந்த மாளிகைகளைச் சொற்பக் குத்தகையில் அனுபவிப்போருக்கு நிரந்தர உரிமை வழங்குவது, நிலமற்றவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். ஆனால், மாளிகைவாசியையும் ஆயிரம் சதுர அடி வீட்டில் குடியிருப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது எந்த வகை நீதி? முன்னவர் பெற்றது சலுகை; பின்னவர் கொடுத்தது சந்தை விலை.

அரசு அமைப்புகள் நில உரிமையாளராக இருக்கும்போது, தனியார் நில உரிமையாளரைப்போல் லாபம் ஒன்றையே குறியாகக் கொண்டு செயல்படக் கூடாது; நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று மும்பைத் துறைமுகக் குத்தகைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் எடுத்துரைத்தது. வாடகைக்குப் பொருந்தும் அந்த நெறி, நீட்டிப்புக்கும் பொருந்த வேண்டும்.

இம்முறையை நமக்கு விட்டுச்சென்ற இங்கிலாந்து, 1993-லேயே அடுக்குமாடிக் குத்தகைதாரருக்கு 90 ஆண்டு நீட்டிப்பைச் சட்டப்படியான உரிமையாக்கிவிட்டது. அதை 990 ஆண்டுகளாக உயர்த்த வகைசெய்யும் சட்டம் 2024-ல் நிறைவேறியது. ஹாங்காங்கில் காலாவதியாகும் குத்தகைகளை, பட்டியலிட்டு விலக்கப்பட்டவை நீங்கலாக, கூடுதல் விலையின்றி 50 ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. நிலம் முழுவதும் அரசுக்கோ கூட்டுடைமைக்கோ உரியது எனக் கருதும் சீனாகூட, குடியிருப்பு நில உரிமை காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று 2007-ம் ஆண்டுச் சட்டத்தில் எழுதிவைத்தது.

வெளிநாடுகளைத் தேடிப்போக வேண்டியதும் இல்லை. பிறர் நிலத்தில் குத்தகைக்கு இருந்து சொந்தச் செலவில் வீடு கட்டியவர்கள், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்த நிலத்தைத் தமக்கே விற்கும்படி கோரலாம் என்று 1921-ம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் கூறியது. கோயில் நிலங்கள் 1996-ல் விலக்கப்பட்டது போன்ற மாற்றங்கள் பின்னர் வந்தாலும், கட்டியவரைக் கட்டடத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்ற கருத்தை நூறாண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாண சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது

நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று கூறி மத்திய அரசு ஒதுங்கிக்கொள்ள இயலாது. விவசாய நிலம் அல்லாத சொத்து மாற்றமும் பத்திரப் பதிவும் பொதுப் பட்டியலின் 6-வது இனத்தில் உள்ளன. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் பொதுப் பட்டியலைத் துணைக்கொண்டே இயற்றப்பட்டது. அதில் ஓர் அத்தியாயத்தைச் சேர்ப்பது அரசியல் சட்டப்படி இயலாத காரியமல்ல.

அந்த அத்தியாயத்தில் நான்கு அம்சங்கள் இருந்தால் போதும். குடியிருப்புக் குத்தகையை நீட்டிக்கவோ முழு உரிமையாக மாற்றவோ கோருவது, வீடு வாங்கியோரின் சட்டப்படியான உரிமையாக வேண்டும். அதற்கான கட்டணம், சட்டத்திலேயே எழுதப்பட்ட சூத்திரத்தின்படி கணக்கிடப்பட வேண்டும். சிறு வீடுகளுக்குக் குறைவாகவும் பெரும் மனைகளுக்குக் கூடுதலாகவும் இருக்கலாம். நிலம் மொத்தமாக ஒரே குத்தகையில் இருப்பதால், வீடு வாங்கியோர் சங்கம் அனைவருக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வழிசெய்ய வேண்டும். கட்டுமான நிறுவனத்தின் நிலுவை அதற்குத் தடையாகக் கூடாது. இறுதியாக, தாமதமான திட்டங்களில் குத்தகைக் காலம், வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும்.

இதனால் அரசுக்கு இழப்பும் இல்லை. பொது நிலத்தின் மதிப்புயர்வில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்ற 1961-ம் ஆண்டு நோக்கம், நியாயமான கட்டணத்தின் வழியே நிறைவேறும். இல்லையெனில், பவர் பத்திரக் காலத்துத் தில்லியின் குழப்பம் யமுனையின் மறுகரையில் பன்மடங்காக அரங்கேறும்.

சட்டத்தின் அனுமதியின்றி எவரது சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு. காலக்கெடு வைத்து விற்கப்பட்ட வீட்டைப் பறிக்க வேண்டியதே இல்லை; தேதி வரும்வரை காத்திருந்தாலே போதும். அந்தத் தேதி நெருங்கும்போது இன்று வீடு வாங்கியவர்கள் இருக்கமாட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் எந்த அலுவலகத்தின் வாசலில் மனுவுடன் நிற்க வேண்டும் என்பதை இன்றைய நாடாளுமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும்.